பங்கு குறைஞ்சா பணம் குறைஞ்சதா?

"அமெரிக்கா முந்திடுச்சு, இனிமே கல்ஃப் காலம் அவ்ளோதான்." 2025 மார்ச்ல ரிசர்வ் வங்கி ஒரு சர்வே கட்டுரை போட்டதுலேர்ந்து இந்த டயலாக்கை ஆபீஸ் கேன்டீன்ல ஆரம்பிச்சு காஞ்சிபுரம் டீக்கடை வரைக்கும் கேட்டாச்சு. எனக்கு இதுல உடன்பாடு இல்லை. ஏன்னு சொல்றேன். கொஞ்சம் நம்பர் வரும், பொறுத்துக்கோங்க மக்களே :-)

வெளிநாட்டுலேர்ந்து இந்தியாவுக்கு வர்ற பணத்துல 2016-17ல ஐக்கிய அரபு அமீரகத்தோட பங்கு 26.9 சதவீதம், அமெரிக்காவோடது 22.9. 2023-24ல அமெரிக்கா 27.7, அமீரகம் 19.2. டீக்கடை ஆளு சொல்றது சரிதானேன்னு தோணும். ஆனா இது பங்கு. பங்கை மட்டும் பார்த்தா பானையோட சைஸ் தெரியாது.

2016-17ல மொத்த வரவு சுமார் 61 பில்லியன் டாலர். 2023-24ல 118.7 பில்லியன். இப்ப பெருக்கிப் பாருங்க. அமெரிக்காவுலேர்ந்து கிளம்பினது சுமார் 14லேர்ந்து 33 பில்லியன் ஆகியிருக்கு. அமீரகத்துலேர்ந்து கிளம்பினது 16லேர்ந்து 23. அதாவது "முடிஞ்சு போன" அமீரகம் அனுப்புறதும் கூடித்தான் இருக்கு. திர்ஹாமை 1997லேர்ந்தே டாலரோட கட்டி வெச்சிருக்காங்க (ஒரு டாலருக்கு 3.6725). அதனால ரெண்டு நாட்டுப் பங்குல வந்த மாற்றத்துக்கு ரூபாய் சரிஞ்சதைக் காரணம் சொல்ல முடியாது.

இன்னொரு விஷயம். வேற நாட்டுலேர்ந்து கிளம்பற பணம் அமெரிக்க வங்கி வழியா வந்தா, கணக்குல சில சமயம் அமெரிக்கப் பணம்னே ஏறிடும். உலக வங்கியே இதை ஒத்துக்குது. அந்த 27.7ஐயும் கொஞ்சம் உப்பு போட்டுத்தான் சாப்பிடணும்.

சரி, மேட்டருக்கு வருவோம். ரெண்டு பணமும் ஒரே மாதிரி பணமா? அமெரிக்கா போற என்னை மாதிரி பொட்டி தட்டுற ஆளுக்கு பொண்டாட்டி புள்ளை, வீட்டு லோன் எல்லாம் அங்கேயே. மிஞ்சினதுல ஒரு பகுதி இங்க வரும். அமீரகத்துல வருமான வரி கிடையாது, ஆனா குடும்பத்தைக் கூட்டிட்டுப் போகணும்னா மாசம் 4,000 திர்ஹாம் சம்பளம் வேணும், இல்லேன்னா 3,000மும் தங்க இடமும் வேணும். அது இல்லாதவர் சாப்பாட்டுக்கு எடுத்துக்கிட்டு மிச்சத்தை அப்படியே ஊருக்கு அனுப்பறார். நம்ம பிள்ளையார்பாளையம் பக்கம் தறியை நிறுத்திட்ட வீடுகள்ல பையன் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிக்குப் போவான், இல்லேன்னா கல்ஃப் போவான். அந்த வீட்டுக்கு வர்ற பணம் மளிகைக் கடையிலயும் வட்டிக் கடையிலயும் கரையும். அமெரிக்கப் பணம் பெரும்பாலும் மனையாகுது. நான் பார்த்த வரைக்கும் இதான்.

அதே சர்வேயில இன்னொண்ணு இருக்கு. 5 லட்சத்துக்கு மேல அனுப்பறது எண்ணிக்கையில நூத்துக்கு ரெண்டு கூட இல்லை. மதிப்புல கால் பங்குக்கு மேல. டாலர்ல அளந்தா பெரிய ஆளுங்கதான் தெரிவாங்க. வீடுகளை எண்ணினா சின்னத் தொகை அனுப்பறவன்தான் தெரிவான்.

இதுல எனக்குக் கோபம் வர்ற இடம் ஒண்ணு இருக்கு. 2025 மே மாசம் அமெரிக்காவுல வெளியே அனுப்பற பணத்துக்கு 5 சதவீத வரின்னு மசோதா வந்தப்ப நம்ம ஆளுங்க போட்ட சத்தம் கொஞ்சமா? கடைசியில அது 1 சதவீதமாச்சு. அதுவும் 2026 ஜனவரிலேர்ந்து, ரொக்கம், மணி ஆர்டர் மாதிரி வழியில அனுப்பறவங்களுக்கு மட்டும். வங்கிக் கணக்குலேர்ந்து அனுப்பற நமக்கு ஒண்ணுமே இல்லை. ஆனா சின்னத் தொகை அனுப்பற கூலித் தொழிலாளி ஒவ்வொரு மாசமும் கட்டணம், மாற்று விகிதம்னு இழக்கறதுக்கு யாராவது சத்தம் போட்டோமா?

செய்ய முடியாத காரியம் இல்லை இது. 2023 பிப்ரவரியில சிங்கப்பூரோட பேநௌவையும் நம்ம யூபிஐயையும் இணைச்சாங்க. அதே வருஷம் ஜூலையில அமீரகத்தோடயும் இப்படி இணைக்கலாம்னு ரெண்டு மத்திய வங்கியும் கையெழுத்துப் போட்டாங்க. முதல்ல பலன் கிடைக்க வேண்டியது மாசம் பதினஞ்சாயிரம் அனுப்பறவனுக்குத்தான்.

அமெரிக்கா முந்தட்டும், சந்தோஷம். அதுக்காக கல்ஃப்காரனைக் கணக்குலேர்ந்து அழிச்சுடாதீங்க. உங்க ஊர்ல எப்படி? எந்தப் பணம் எங்க போகுது? பின்னூட்டத்துல சொல்லுங்க, சண்டை போடலாம் :-)