மாமா கேட்ட றைபிள்

கொடிகாமத்திலிருந்து மாமா ஒரு வொயிஸ் மெசேஜ் போட்டிருந்தார். "தம்பி, நீ உந்த யூரியூப் எல்லாம் பாக்கிறனிதானே. நல்ல பவரான எயார் றைபிள் எது எண்டு ஒருக்கா தேடிச் சொல்லு. சின்னச் சாமான் வேண்டாம். அடிச்சா விழவேணும்."

விழவேண்டியது குரங்கு. மாமாவின் வளவில் நாற்பது தென்னை நிற்கிறது. தேங்காய் ஒன்று 200 ரூபாவைத் தொட்ட காலத்திலும் அவர் கடையில்தான் வாங்கினார். குரும்பட்டியாக இருக்கும்போதே பிடுங்கி, ஒரு கடி கடித்துவிட்டுக் கீழே எறிந்துவிடுதுகள். தென்னை முடிய மா, பலா, பப்பாசி. அதுவும் முடிய வீட்டு ஓடு. தென்மராட்சியில் சொந்தக்காரர் உள்ள யாருக்கும் இந்தக் கதை புதிதில்லை.

2025 மார்ச் 15 நினைவிருக்கிறதா? காலை 8 மணியிலிருந்து 8.05 வரை எல்லாரும் அவரவர் வளவில் நின்று குரங்கு, மயில், மர அணில் எண்ண வேண்டும் என்று அரசாங்கம் சொன்ன நாள். மாமா படிவமும் பேனையுமாகக் கிணற்றடியில் நின்றார். அந்த ஐந்து நிமிடத்தில் ஒன்றுகூட வரவில்லை. 8.20க்குப் பதினேழு வந்தது. "அவைக்கும் நோட்டீஸ் போயிருக்கும்" என்று சொல்லிச் சிரித்தார். றைபிள் கேட்டபோது அவர் சிரிக்கவில்லை.

ஆகவே நானும் விளையாட்டாக எடுக்காமல் இரண்டு கிழமை தேடினேன். ரொறன்ரோவில் இருக்கிற மச்சான் வேட்டைக்குப் போகிறவன். அவனையும் இரவிரவாகக் கேள்வி கேட்டுக் கரைச்சல் கொடுத்தேன். தேடியதையும், கடைசியில் மாமாவுக்குச் சொன்னதையும் இங்கே எழுதுகிறேன். ஏனென்றால் மாமா மட்டும் கேட்கவில்லை. வன்னியிலும் இங்கேயும் நிறையப் பேர் இப்போது இதையே கேட்கிறார்கள்.

முதலில் ஒன்று. எயார் றைபிள் என்றவுடன் கோயில் திருவிழாவில் பலூன் சுடுகிற சாமான்தான் எங்களுக்கு ஞாபகம் வரும். அது ஒரு வகை மட்டும். 1780களிலேயே ஒஸ்ரியப் படையிடம் ஜிராந்தோனி என்ற காற்றுத் துவக்கு இருந்தது. வெடிமருந்து இல்லை, புகை இல்லை, ஒரு தரம் நிரப்பினால் இருபது குண்டுக்குக் கிட்டப் போகும். அதன் பேரப்பிள்ளைகளைத்தான் இன்று 'பிக் போர்' என்கிறார்கள். பொதுவாக 0.30 அங்குலத்திலிருந்து மேலே, 0.357, 0.45, 0.50 என்று துளை போகும். அமெரிக்காவில் சில மாநிலங்களில் இதால் மான் வேட்டைக்கே சட்டப்படி இடம் உண்டு.

வித்தியாசம் எவ்வளவு என்று ஏ.எல். பௌதிகவியல் படித்தவர்கள் தாங்களே போட்டுப் பார்க்கலாம். அரை எம் வி வர்க்கம். சாதாரண 4.5 மில்லிமீற்றர் பெலட் அரைக் கிராம். செக்கனுக்கு 200 மீற்றர் வேகத்தில் போனால் 10 யூல். 0.45 துளையின் ஈயக்குண்டு 13 கிராம். 250 மீற்றர் வேகத்தில் போனால் 406 யூல். நாற்பது மடங்கு. வெடிமருந்துள்ள சாதாரண .22 துவக்கின் குண்டைவிடவும் ஏறக்குறைய மூன்று மடங்கு. காற்றுத்தானே என்று நினைக்கிறவர்கள் இந்தக் கணக்கை ஒருக்கா செய்யவேண்டும்.

இந்தக் காற்று சும்மா வராது. 200 முதல் 300 பார் அமுக்கம் வேணும். மோட்டார்சைக்கிள் ரயருக்கு நாங்கள் அடிக்கிறது இரண்டு பார் சொச்சம். அதனால் சங்கு, கடலட்டை குளிக்கிறவர்கள் முதுகில் கட்டுகிற மாதிரி ஒரு சிலிண்டரோ, உயர் அமுக்கக் கொம்பிரசரோ வேண்டும். ஒரு தரம் நிரப்பினால் பிக் போரில் முழு வேகத்தில் ஒரு சில குண்டுகள்தான் போகும். பிறகு வேகம் விழும். குண்டு நினைத்த இடத்தில் படாது. விலையைப் பார்க்கிறவர்கள் றைபிளின் விலையை மட்டும்தான் பார்க்கிறார்கள். சிலிண்டர், குண்டு, ஸ்கோப், பழகுவதற்கு இடம் எல்லாம் அதற்கு மேலே.

சட்டமும் உண்டு. கனடாவில் குண்டின் வேகம் செக்கனுக்கு 152.4 மீற்றரையும் சக்தி 5.7 யூலையும் தாண்டினால் அதைத் துவக்கு என்றே எடுத்து லைசன்ஸ் கேட்கிறார்கள். இந்தியாவில் 2016 விதிகளின்படி 0.177 அங்குலத் துளையோ 20 யூலோ தாண்டினால் லைசன்ஸ். இங்கே துவக்குக்கு 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும், விலங்குக்கு 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும் இருக்கின்றன. வெளிநாட்டிலிருந்து வருகிற பெட்டிக்குள் சொக்லற்றோடு வைத்து எடுப்பிக்கிற சாமான் இல்லை இது.

இவ்வளவும் பார்த்து மூன்று மொடல்களைக் குறித்து வைத்திருந்தேன். மச்சானிடம் காட்டினேன். அவன் மொடலைப் பார்க்கவேயில்லை. "குரங்கு எங்கயடா இருக்கும்?" என்று கேட்டான். மரத்தில் என்றேன். "மரத்துக்குப் பின்னால என்ன இருக்கு?"

நான் யோசித்தேன். மரத்துக்குப் பின்னால் வானம். வானத்துக்குக் கீழே பக்கத்து ஒழுங்கை.

வேட்டைக்குப் போகிறவர்கள் முதலில் பழகுகிற விசயம் இதுதானாம். குண்டு விலங்கில் படாவிட்டால், அல்லது பட்டும் ஊடறுத்துப் போனால், எங்கே போய் நிற்கும்? அவன் போகிற இடத்தில் மலைச்சரிவு இருக்கிறது, மண்மேடு இருக்கிறது. அது பின்னுக்கு இல்லாவிட்டால் மான் முன்னுக்கு நின்றாலும் சுடமாட்டானாம். எங்கள் குடாநாட்டில் மலை எங்கே? தட்டையான நிலம், தோண்டினால் சுண்ணாம்புக்கல். தரையை நோக்கிச் சுட்டால் கல்லில் பட்டுத் தெறிக்கும். தென்னை வட்டை நோக்கிச் சுட்டால் 13 கிராம் ஈயம் பல நூறு மீற்றர் தாண்டி விழும். இடையில் நிற்கிறது பனையோலை வேலி, தகர வேலி, ரியூசன் விட்டுச் சைக்கிளில் வருகிற பிள்ளைகள். காணிகள் பரப்புக் கணக்கில் துண்டு துண்டாக இருக்கிற ஊரில் பிக் போர் றைபிளுக்குப் பாதுகாப்பான ஒரு திசை கூடக் கிடையாது.

அப்படியென்றால் சின்னது வாங்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். அதையும் கண்டிருக்கிறேன். மாமாவின் ஒழுங்கைக்கு அடுத்த ஒழுங்கையில் ஒருவர் சின்ன எயார் றைபிளால் அடித்தார். பெலட் தாடையில் பட்டது. குரங்கு விழவில்லை. அடுத்த மூன்று கிழமையும் அது அந்தக் கூட்டத்தோடு வந்தது, வாய் மூடமுடியாமல், ஒவ்வொரு நாளும் கொஞ்சம் மெலிந்து. கடைசியில் வரவில்லை. சுட்டவரே பிறகு அந்தக் கதையை எடுத்தால் பேச்சை மாத்துவார். தேங்காயும் மிஞ்சவில்லை. கூட்டம் இரண்டு நாள் தள்ளிப் போய், மூன்றாம் நாள் திரும்பி வந்தது.

என்னுடைய கருத்து இதுதான். சின்ன றைபிள் கொல்லாது, வதைக்கும். பெரிய றைபிள் கொல்லும், ஆனால் எதைக் கொல்லும் என்று எங்கள் நிலத்தில் சொல்லமுடியாது. ஆகவே யாழ்ப்பாணத்தில் ஒருவருடைய முதல் பிக் போர் றைபிள் எது என்ற கேள்விக்கு என் பதில்: ஒன்றும் வேண்டாம்.

வேட்டை என்கிற ஆசைக்கும் இதே பதில்தான். குடாநாட்டில் மானும் மரையும் இல்லை. கையில் றைபிள் இருந்தால் கண் போகிற இடம் கடல்நீரேரி. ஐப்பசி தொடங்கிப் பங்குனி மட்டும் ஆயிரக்கணக்கான மைல் பறந்து வந்து எங்கள் தரவைகளில் இறங்குகிற பறவைகள். சுண்டிக்குளம் 1938 இலேயே பறவைகள் சரணாலயமாக்கப்பட்டது, 2015 இல் தேசிய பூங்காவானது. பூநாரையைச் சுட்டுவிட்டு ஃபோட்டோ போடுகிறவனுக்கு வேட்டைக்காரன் என்று பேர் இல்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். எங்கள் தாத்தாமார் காலத்தில் தோட்டக்காவலுக்கு லைசன்ஸ் துவக்கு வைத்திருந்த வீடுகள் இருந்தன. எண்பதுகளில் இயக்கங்கள் வீடு வீடாக வந்து அவற்றை எடுத்துக்கொண்டு போன கதையைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் தெரியும். பிக் போர் றைபிள் சத்தமில்லாத சாமான் இல்லை, நல்லாய் வெடிக்கும். விடியக்காலமை ஒழுங்கைக்குள் அந்தச் சத்தம் கேட்டால் என்ர அம்மம்மா குரங்கை நினைக்கமாட்டா.

அதற்காக மாமாவைச் சகித்துக்கொண்டு இருங்கோ என்று சொல்ல நான் தயாரில்லை. தென்னையை நம்பிச் சீவிக்கிற மனிசனிடம், நகரத்தில் மேல்மாடியில் இருந்துகொண்டு சீவகாருண்யம் கதைக்கிறது லேசு. அவருடைய கோபம் நியாயமானது. ஆனால் அந்தக் கோபத்தின் கையில் ஒரு றைபிளைக் கொடுத்துவிட்டால், திணைக்களங்கள் செய்யவேண்டிய வேலை ஒரு அறுபத்திமூன்று வயது மனிசனின் குறிபார்க்கும் கண்ணில் வந்து முடிகிறது. படவில்லை என்றால் அவர் பிழை. வேறு யாருக்காவது பட்டால் அவர் மறியலில்.

கேட்கவேண்டியதை வேறு இடத்தில் கேட்கவேண்டும். கூட்டத்தோடு பிடிக்கிற கூடு, பிடித்ததற்குக் கருத்தடை, அதைச் செய்யத் தெரிந்த மிருக வைத்தியர். அழிந்த தென்னைக்கு நட்டஈடு. ஊர் எல்லையில் கொட்டுகிற குப்பையை நிறுத்துவது. குரங்கு முதலில் வந்தது அந்த வாசத்துக்குத்தான் என்று மாமாவே சொல்கிறார். இதெல்லாம் செய்து முடித்தும் சுட்டே ஆகவேண்டும் என்றால், வீட்டுக்கு ஒரு றைபிள் என்றில்லாமல், பயிற்சி எடுத்த, பொறுப்புச் சொல்லக்கூடிய ஆட்கள் வந்து சுடட்டும்.

இதை மாமாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அப்ப நாளைக்குக் காலமை வாறதுக்கு நான் என்ன செய்யிறது?" என்றார். அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. தனியாக நிற்கிற தென்னைகளுக்குத் தகரம் சுற்றினோம். மா மரத்தின் கொப்புகள் ஓட்டில் முட்டாமல் வெட்டினோம். பாதி உதவியது. மற்றப் பாதி மரங்களில் வட்டோடு வட்டு முட்டி நிற்கிறது. அங்கே தகரத்துக்கு வேலையில்லை.

பிறகு கமக்காரர் அமைப்புக் கூட்டத்துக்கு மாமாவோடு போனேன். மேலே சொன்னவற்றை ஒரு கடிதமாக எழுதினோம். முப்பத்தியொரு பேர் கையெழுத்து வைத்தார்கள். உரிய இடத்தில் கொடுத்து இரண்டு மாதம் ஆகிறது. உங்கள் ஊரிலும் இதே கரைச்சல் இருந்தால், கடிதத்தின் பிரதி என்னிடம் இருக்கிறது, கேளுங்கோ. ஊர் பெயரை மாற்றினால் போதும்.