எழுபதுக்குள் ஓடும் நூற்றைம்பது குதிரைகள்

புது வேன் எடுத்த முதல் சனிக்கிழமையே அதற்குச் சாம்பார் அபிஷேகம் நடந்துவிட்டது.

செனோக்கோவில் இருக்கும் எங்கள் சமையல்கூடத்திலிருந்து ஜூரோங்கில் ஒரு வளைகாப்புக்கு 200 பேருக்கான சாப்பாட்டை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். முதல் சந்திப்பில் விளக்கு பச்சைக்கு மாறியது. பழைய வேனில் பதினைந்து வருடமாக எப்படி மிதித்தேனோ அப்படித்தான் மிதித்தேன். வண்டி துள்ளிப் பாய்ந்தது. பின்னால் ‘டமார்’ என்று ஒரு சத்தம். ஓரங்கட்டிக் கதவைத் திறந்தால், அண்டா ஒன்று மூடி கழன்று சாய்ந்து கிடக்கிறது. பத்து லிட்டராவது போயிருக்கும். என் வீட்டுக்காரர் எப்போதும் இருபது பேருக்குக் கூடுதலாகவே சமைப்பார். அன்று மானம் தப்பியது அதனால்தான். புது வண்டி வாசனை போய்ப் பெருங்காய வாசனை வந்தது. எட்டு மாதமாகிறது, இன்னும் முழுதாகப் போகவில்லை.

புதிதாகப் படிக்கிறவர்களுக்காக ஒரு வரி. எங்கள் தொழிலில் சமையல் அவர் பொறுப்பு, வண்டி என் பொறுப்பு. ஏன் இப்படி என்று கேட்பவர்களிடம், “அவருக்கு ஓட்ட வராது, எனக்கு உப்பு நிற்காது” என்று சொல்லிவிடுவேன்.

பழைய வேனை விரும்பி விற்கவில்லை. அதன் சிஓஇ பத்து வருடம் முடிந்தபோது கையில் பணம் இல்லாததால் ஐந்து வருடத்துக்கு மட்டும் புதுப்பித்தோம். ஐந்து வருடப் புதுப்பிப்பை எடுத்தவர்களுக்கு அதற்குப் பிறகு வழி கிடையாது. நாள் வந்ததும் வண்டியைப் பதிவிலிருந்து நீக்கித்தான் ஆகவேண்டும். பத்து வயதைத் தாண்டியதால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்கு வேறு கொண்டுபோக வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் பிள்ளையைப் பரீட்சைக்கு அனுப்பிவிட்டு வாசலில் நிற்கிற தாய்போல நிற்பேன். கடைசி வரை அது தேறியது. நாங்கள்தான் அதைக் கைவிட வேண்டியிருந்தது.

புதியதற்கு ‘சி’ பிரிவுச் சான்றிதழ் மட்டுமே ஏறக்குறைய 70,000 வெள்ளி. வண்டியின் விலை தனி. எத்தனை சாப்பாடு விற்றால் இந்தக் காசு வரும் என்று அவர் ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டார். போட்டு, மடித்து, சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். என்னிடம் காட்டவில்லை. நானும் கேட்கவில்லை.

சரி, அவ்வளவு கொடுக்கிறோம், எந்த இயந்திரம்? பழையது 1.5 லிட்டர் டீசல், 85 குதிரைத்திறன். இப்போது வந்திருப்பது 2.0 லிட்டர் டீசல், 150 குதிரைத்திறன், தானியங்கி கியர். குறைந்த சக்தியுள்ள ரகமும் அதே கடையில் இருந்தது. விலையும் குறைவு. விற்பனையாளரே, “அக்கா, ஊருக்குள்ள ஓட்டத்தானே, இது போதுமே” என்றார். ‘பெரியதுதான் வேண்டும்’ என்று பிடிவாதம் பிடித்தது நான். வீம்பு இல்லை, பயம்.

சுமை ஏற்றி ஓட்டியவர்களுக்கு இது புரியும். சாப்பாடு, மேசைகள், சூடு காக்கும் பெட்டிகள், தண்ணீர் கேன்கள், நாங்கள் இரண்டு மூன்று பேர் என்று சேர்ந்தால் எழுநூறு கிலோ சாதாரணம். அந்தப் பாரத்தோடு இணைப்புச்சாலையில் ஏறி சிலேத்தார் விரைவுச்சாலையில் நுழைய வேண்டும். இடப்பக்கத் தடத்தில் வரிசையாக லாரிகள். பழைய வேன் இரண்டாவது கியரில் அலறும், மூன்றுக்கு மாற்றினால் மூச்சுவிடும், அதற்குள் இணைப்புச்சாலை முடிந்துவிடும். பின்னால் வருகிற லாரி ஹாரன் அடிக்கும். எத்தனை முறை பல்லைக் கடித்துக்கொண்டு நுழைந்திருக்கிறேன்.

குதிரைத்திறன் என்ற ஒன்றையே நாம் கேட்கிறோம். சுமை இழுக்க அதைவிட முக்கியம் முறுக்குவிசை, அதுவும் எத்தனை சுற்றில் கிடைக்கிறது என்பது. எங்கள் புது இயந்திரம் நிமிடத்துக்கு 2,000 சுற்றிலேயே 370 நியூட்டன் மீட்டர் தருகிறது. பழையது கிட்டத்தட்ட அதில் பாதிதான். இப்போது அதே இணைப்புச்சாலையில், அதே சுமையோடு, கத்தாமல் கதறாமல் லாரிகளுக்குச் சமமான வேகத்துக்கு வந்து இடம் பார்த்து நுழைகிறேன். புக்கிட் தீமா விரைவுச்சாலையின் ஏற்றத்தில் கியர் இறங்குவதுகூடத் தெரிவதில்லை. வீட்டுக்குப் போனால் தோள்பட்டை வலி இல்லை. எட்டு மாதத்தில் நான் கண்ட பெரிய லாபம் இதுதான். டீசல் செலவு பயந்த அளவு கூடவில்லை. லிட்டருக்கு 12 கிலோமீட்டர் ஓடியது, இப்போது 11 ஓடுகிறது.

ஆனால் எங்கள் வேனின் பின்கதவில் ஒரு வட்ட ஒட்டுவில்லை இருக்கிறது. அதில் எழுதியிருப்பது 70. சிங்கப்பூரில் 3.5 டன்னுக்கு மேற்படாத இலகு ரகச் சரக்கு வாகனங்கள் விரைவுச்சாலையில் மணிக்கு 70 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது. பக்கத்துத் தடத்தில் கார் 90-இல் போகலாம், நாம் கூடாது. அதைவிடப் பெரிய லாரிகளுக்கு வேகக்கட்டுப்பாட்டுக் கருவி கட்டாயமாகி வருகிறது. எங்கள் வேன் அந்தக் கணக்கில் வராது. 70-இல் நிறுத்துவது என் கால் மட்டும்தான்.

பழைய வேனில் இது ஒரு பிரச்சினையாகவே இருந்ததில்லை. 75-ஐத் தொட்டாலே கதவு கிடுகிடுக்கும், கண்ணாடி நடுங்கும், பின்னால் கரண்டிகள் தாளம் போடும். அதன் பலவீனம்தான் எனக்குப் போலிஸ்காரர். புதியதில் 70-உம் ஒன்றுதான், 85-உம் ஒன்றுதான். அதே அமைதி, அதே குளிர். மூன்றாவது மாதம் வீட்டுக்கு ஒரு அபராதக் கடிதம் வந்தது. மணிக்கு 84 கிலோமீட்டர். அபராதத்தோடு குற்றப் புள்ளிகளும்.

இருபது வருடமாக வண்டி ஓட்டுகிறேன். எனக்கு வந்த முதல் வேகக் கடிதம் அது. 24 மாதங்களுக்குள் 24 புள்ளி சேர்ந்தால் உரிமம் முடக்கப்படும். என் உரிமம் முடங்கினால் எங்கள் தொழில் முடங்கும். அந்த எழுபதாயிரமும் கார்நிறுத்துமிடத்தில் சும்மா நிற்கும். அவர் கடிதத்தைப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. ஏதாவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஏன் அவசரம் என்று கேட்கலாம். எங்கள் சாப்பாட்டில் ஒரு நேரம் ஒட்டியிருக்கும். சமைத்து முடித்த நேரம், எத்தனை மணிக்குள் சாப்பிட்டு முடிக்க வேண்டும் என்ற நேரம், இரண்டும். நடுவில் இருப்பது நான்கு மணி நேரம். பொட்டலம் கட்ட, ஏற்ற, ஓட்ட, இறக்க, மேசை போட எல்லாம் அந்த நான்குக்குள். சமையல்கூடத்தில் ஒரு கால்மணி தாமதமானால் அதைச் சாலையில் பிடித்துவிடலாம் என்று மனசு சொல்லும். பழைய வேன் “முடியாது” என்று சொல்லிவிடும். புதியது “வா, பார்க்கலாம்” என்கிறது.

அந்தக் கடிதம் வந்த இரவு நானும் ஒரு காகிதம் எடுத்தேன். எங்கள் வழக்கமான ஓட்டத்தில் விரைவுச்சாலைப் பகுதி சுமார் 20 கிலோமீட்டர். 70-இல் போனால் 17 நிமிடம் சொச்சம். 90-இல் போனால் 13 நிமிடம் சொச்சம். மிச்சம் நான்கு நிமிடம்கூட இல்லை, அதுவும் வழியில் எந்த நெரிசலும் இல்லாவிட்டால். அந்த நான்கு நிமிடத்துக்கு விலை என்ன? 70-ஐவிட 90-இல் வண்டியின் இயக்க ஆற்றல் ஒன்றரை மடங்குக்கும் மேல். பிரேக் பிடித்து நிறுத்த அதே விகிதத்தில் கூடுதல் தூரம் வேண்டும், பின்னால் எழுநூறு கிலோவோடு. நான்கு நிமிடத்தைப் புளோக்கின் கீழே மேசை விரிக்கும்போது சம்பாதித்துக்கொள்ளலாம். நாங்கள் அடுத்த வாரமே புறப்படும் நேரத்தை இருபது நிமிடம் முன்னால் தள்ளினோம். இதைப் பழைய வேன் காலத்திலேயே செய்திருக்கலாம்.

இன்னொரு விஷயமும் செய்தேன். ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு பொத்தான் இருக்கிறது. 70 என்று வைத்துவிட்டால் சாதாரணமாக மிதித்தால் வண்டி அதைத் தாண்டாது. ஆபத்து என்றால் அடிவரை அழுத்தினால் போகும். மூன்று மாதமாக அது அங்கேயேதான் இருந்திருக்கிறது. நான்தான் கையேட்டைத் திறக்கவில்லை.

கையேட்டைத் திறக்காததால் வந்த வினை இன்னொன்று. புது டீசல் வண்டிகளில் டீசலைத் தவிர யூரியா கரைசலும் ஊற்ற வேண்டும். புகையில் உள்ள நைட்ரஜன் ஆக்சைடை அது நைட்ரஜனாகவும் நீராகவும் மாற்றுகிறது. தீர்ந்துபோனால், அணைத்த இயந்திரம் மறுபடி கிளம்பாது. இத்தனை கிலோமீட்டர்தான் மிச்சம் என்று திரையில் எண் குறைந்துகொண்டே வந்தது. நான் ஏதோ சர்வீஸ் நினைவூட்டல் என்று இருந்துவிட்டேன். அதைக் கவனித்தது தேசிய சேவையிலிருந்து விடுப்பில் வந்த மகன். இன்னும் நூறு கிலோமீட்டர்தான் இருந்தது. மறுநாள் தாமதித்திருந்தால் ஒரு கல்யாணச் சாப்பாடு வாகன நிறுத்துமிடத்திலேயே நின்றிருக்கும்.

நிறுத்துமிடம் என்றதும் நினைவு வருகிறது. நம் ஊர் நிறுத்துமிடக் கட்டம் 4.8 மீட்டர். எங்கள் வேன் 4.95. மூக்கு எப்போதும் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். எதிர்க்கட்டத்து மாமா தினமும் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பார். தீபாவளிக்கு முறுக்கு கொடுத்தேன். இப்போது என்னை மட்டும் பார்க்கிறார்.

மகனிடம் வருகிறேன். மூன்றாம் வகுப்பு உரிமம் எடுத்து நான்கு மாதம் ஆகிறது. வாரக்கடைசியில் ஓட்டித் தருகிறேன் என்கிறான். எனக்கும் ஓய்வு வேண்டும்தான். ஆனால் புதிய ஓட்டுநருக்கு முதல் வருடத்தில் 13 புள்ளி சேர்ந்தால் உரிமமே செல்லாது. இருபது வருட அனுபவமுள்ள நானே 84-இல் போனது தெரியாமல் போனேன். 85 குதிரைத்திறனில் பழகிய கால் எனக்கு, அவனுக்கு அந்தப் பழக்கமும் கிடையாது. “பழைய வேனா இருந்தா சாவியைக் குடுத்திருப்பீங்க, இல்லம்மா?” என்று கேட்டான். ஆமாம், கொடுத்திருப்பேன்.

இதற்கு ஒரு வழி எதிர்பாராமல் கிடைத்தது. டீசல் வண்டியில் கரித்துகளைப் பிடிக்க ஒரு வடிகட்டி உண்டு. சேர்ந்த கரி எரிய வேண்டுமென்றால் இயந்திரம் நன்றாகச் சூடாகி, சீரான வேகத்தில் கொஞ்ச நேரம் ஓட வேண்டும். வார நாள்களில் எங்களுக்கு ஈசூன், செம்பவாங் என்று குட்டிக் குட்டி ஓட்டங்கள்தான். ஐந்து நிமிடம் ஓடும், அணையும், மறுபடி ஓடும். வடிகட்டி அடைக்க ஆரம்பித்து விளக்கு எரிந்தது. பட்டறைக்காரர் பார்த்துவிட்டு, “வாரம் ஒருமுறை எக்ஸ்பிரஸ்வேயில 20 நிமிஷம் விடாம ஓட்டுங்க, அறுபதுக்குக் குறையாம” என்றார். நமக்கு அறுபதுக்கும் எழுபதுக்கும் நடுவில்தான் இடம்.

ஆக, ஞாயிறு இரவு சமையல்கூடத்தைக் கழுவி மூடியபின், காலி வேனில் மூன்று பேரும் கிளம்புகிறோம். முன்வரிசையில் மூன்று இருக்கை. மகன் ஓட்டுகிறான், நான் நடுவில், அவர் ஜன்னலோரம். புக்கிட் தீமா விரைவுச்சாலை, அங்கிருந்து கிராஞ்சி விரைவுச்சாலை, பிறகு துவாஸ் பக்கம், திரும்பி வரும்போது ஆயர் ராஜா. காலி வண்டியில் 150 குதிரையும் சும்மா இருக்காது. அவன் கால் எங்கே இருக்கிறது என்று நான் பார்ப்பேன், நான் பார்ப்பதை அவன் பார்ப்பான். முதல் வாரம் பொத்தானை 70-இல் வைத்து ஓட்டச் சொன்னேன். நான்காம் வாரம் பொத்தானை அணைக்கச் சொன்னேன். 68, 69, 68. பேசிக்கொண்டே ஓட்டினான், எண் நகரவில்லை.

பதினைந்து வருடமாக ஞாயிறு இரவு என்றால் எங்களுக்குக் குப்புறப் படுத்துத் தூங்குவதுதான். இப்போது துவாஸில் ஒரு காப்பிக் கடையில் தே ஓ குடிக்கிறோம். அந்தச் சட்டைப்பைக் கணக்கைக்கூடப் போன வாரம் அவரே எடுத்துக் காட்டினார். மடிப்பில் கிழிந்திருந்தது. தொகையைச் சொல்லப் போவதில்லை. பத்து வருடத்தில் எட்டு மாதம் முடிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

திரும்பி வரும் வழியில் வடிகட்டி விளக்கு அணைந்தது. “வேலை முடிஞ்சுது, வீட்டுக்குப் போலாம்” என்றேன். அவர் ஜன்னலோரத்திலிருந்து, “இன்னும் சரியா எரிஞ்சிருக்காது, இன்னொரு சுத்து போ தம்பி” என்றார்.

மகன் என்னைப் பார்த்தான். நான் எண்ணைப் பார்த்தேன். 69.

“போ” என்றேன்.