தண்டுவட நீர்ப் பரிசோதனை: எங்கள் நிலைப்பாடு

கம்பத்திலிருந்து மதுரைக்குப் போன தண்டுவட நீர் மாதிரி விஷயத்தில் நடந்தது உறுப்பினர்கள் அறிந்ததே. தண்டுவட நீரைக் கம்பம் பள்ளத்தாக்கிலேயே எடுத்து வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்பும் ஏற்பாட்டை ஆதரிக்கலாமா என்று செயற்குழு இரு அமர்வுகளில் விவாதித்தது. இப்போதுள்ள வடிவில் ஆதரிப்பதற்கில்லை என்பதே பெரும்பான்மைக் கருத்து.

மார்பகம், நுரையீரல், ரத்தப் புற்றுநோய்கள் மூளை, தண்டுவட உறைகளுக்குப் பரவினால், முதுகில் எடுக்கும் நீரில் புற்றுச் செல் தெரிகிறதா என்று பார்க்கிறார்கள். வெளியே எடுத்ததுமே அந்தச் செல்கள் சிதையத் தொடங்கும். ஒரு மணி நேரத்துக்குள் ஆய்வகம் கையில் எடுத்தாக வேண்டும். இல்லையேல், தகுந்த திரவத்தில் உடனே பதப்படுத்த வேண்டும். கம்பத்திலிருந்து மதுரை நூறு கிலோமீட்டருக்கு மேல். சின்னமனூர், தேனி, உசிலம்பட்டி என்று பஸ்ஸில் போய்ச் சேர்ந்த குழாயில் சாயங்காலம் எதைத் தேடுவது? உடன் போன படிவத்தில் 'எடுத்த நேரம்' என்ற கட்டம் காலி. அளவு எழுதவே இல்லை. அதன்மேல் 'புற்றுச் செல் இல்லை' என்று ஒரு தாள்! அந்தத் தாளை நம்பி ஒரு குடும்பம் காத்திருந்தது. சிகிச்சை இல்லாவிட்டால், உறைகளுக்குப் பரவிய இந்நோயில் பெரும்பாலோருக்கு மிஞ்சுவது 4 முதல் 6 வாரம். அதில் எத்தனை நாளை இப்படித் தின்னக் கொடுப்பது?

முறையாகச் செய்தாலும் முதல் தடவையில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குச் செல் சிக்காமல் போகலாம். மறுமுறை எடுத்தால் சுமார் 80 சதவீதம் வரை பிடிபடும். ஆகவே அறிகுறி இருக்கையில் ஒரே ஒரு 'இல்லை'யை முடிவாகக் கொள்ளக் கூடாது. இதில் குழுவுக்குள் இரு கருத்து இல்லை.

இயன்றவரை, மருந்து செலுத்திய எம்.ஆர்.ஐ. நீர் எடுக்கும் முன்பே எடுக்கப்பட வேண்டும். நீர் எடுக்க முதுகில் ஊசி போட்டால் கால் விழுந்துவிடும் என்ற பயத்துக்கு ஆதாரமில்லை. தண்டுவடம் முடியும் இடத்துக்குக் கீழேதான் ஊசி இறங்குகிறது.

நோயாளியை க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, எடுப்பதும் பார்ப்பதும் ஒரே வளாகத்தில் நடக்க வழிசெய்யுமாறு மாவட்ட நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்கிறோம். தவிர்க்க முடியாமல் வெளியே அனுப்பினால், எடுத்த மணி, பதப்படுத்திய மணி, ஆய்வகம் வாங்கிய மணி, எத்தனை மில்லி (10 இருப்பது நல்லது) ஆகியவை அறிக்கையிலேயே இருக்க வேண்டும். இவை இல்லாத அறிக்கையை எங்கள் உறுப்பினர்கள் ஏற்றுக் கையொப்பமிட மாட்டார்கள்.