சுருள் சீவியும் சாம்பார் சோறும்

ஆபீஸ்ல வருஷா வருஷம் எடுக்கிற ரத்தப் பரிசோதனையில இந்தத் தடவை எனக்கு ஹெச்பிஏ1சி 6.1ன்னு வந்துச்சு. 5.7க்குக் கீழ இருந்தா நிம்மதி. 6.5ஐத் தொட்டா சர்க்கரை வியாதி. நான் ரெண்டுக்கும் நடுவுல, வாசப்படியில நிக்கிறேன். டாக்டர் மராட்டிக்காரர். ரிப்போர்ட்டைப் பார்த்துட்டு "பாத் கமி கரா"ன்னார். சோத்தைக் குறைங்கன்னு அர்த்தம். திருநெல்வேலிக்காரன்கிட்ட சொல்ற பேச்சா இது?

சிரிச்சுக்கிட்டே வெளிய வந்தாலும் உள்ளுக்குள்ள பயம்தான். எங்கப்பாவுக்கும் இப்படி வாசப்படியிலதான் ஆரம்பிச்சுது. அவர் கண்டுக்கலை. அறுபது வயசுல வலது கால்ல ரெண்டு விரலை எடுத்தாங்க.

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வராம போனை நோண்டினப்ப கண்ணுல பட்டதுதான் ஸ்பைரல் ஸ்லைசர். பென்சில் சீவுற மாதிரி காயைத் திருகினா, நூடுல்ஸ் மாதிரி நீள நீளமா சுருண்டு விழும். 2014, 2015 வாக்குல அமெரிக்காவில இது பெரிய மோகமா இருந்துச்சு. ஸூக்கினியைச் சுருளாச் சீவி, பாஸ்தாவுக்குப் பதிலா அதைத் தின்னாங்க. கணக்கு என்னவோ அபாரம்தான். 100 கிராம் வெள்ளைச் சோத்துல மாவுச்சத்து சுமார் 28 கிராம். அதே எடை ஸூக்கினியில சுமார் 3 கிராம். கையில பிடிச்சுத் திருகுறது 350 ரூபாய், மேடையில ஒட்டவச்சு கைப்பிடியால சுத்துறது 1,500 ரூபாய்னு போட்டிருந்தது. பெருசுக்கே ஆர்டர் போடப் போனேன்.

"ஏங்க, பரண்ல இடமில்லை"ன்னாங்க தங்கமணி. ஜூஸர், பிரெட் மேக்கர், ஒரு பொருட்காட்சியில டெமோ பார்த்து மயங்கி வாங்கின பன்னிரண்டு பிளேடு கட்டர் எல்லாம் அங்கதான் தவம் பண்ணுது. ஊருக்கு போன் போட்டா அம்மா, "ஏலே, இடியாப்ப நாழியே வருஷத்துக்கு ரெண்டு தடவைதாம்ல கீழ இறங்குது"ன்னுட்டாங்க. ரெண்டு பக்கமும் கேட் போட்டாச்சு.

சரி, வாங்குறதுக்கு முன்னாடி பரீட்சை பண்ணிப் பார்ப்போம்னு மாடி வீட்டு நண்பர்கிட்ட அவரோடதை ரெண்டு வாரத்துக்கு ஓசி வாங்கினேன். மேடையில ஒட்டுற ரகம். வாங்கி மூணு வருஷம் ஆச்சாம், டப்பாவைத் திறந்தது ரெண்டே தடவையாம். அப்பவே எனக்கு உறைச்சிருக்கணும்.

இந்த மிஷினுக்கு ஒரு காய் ஒத்துவரணும்னா கல்யாணப் பொருத்தம் மாதிரி நாலு பார்க்கணும். காய் நேரா இருக்கணும். கெட்டியா இருக்கணும். ஒன்றரை அங்குலமாவது தடிமன் இருக்கணும். நடுவுல பொந்தோ கொட்டையோ இருக்கக் கூடாது. வெள்ளை முள்ளங்கி முதல் வகுப்பில பாஸ். பீட்ரூட் பிரமாதமா வருது (மேடை, சட்டை, கை எல்லாம் சிவப்பு). உருளைக்கிழங்கும் அழகா சுருளுது, ஆனா மாவுச்சத்தைக் குறைக்கப் போனவனுக்கு அது எதுக்கு? குளிர்காலத்துல புனேக்கு வர்ற சிவப்பு கேரட் நுனி மெலிஞ்சு போறதால பாதி மிஷின்லயே நின்னுடுது. சுரைக்காய் இளசா இருந்தா தேவலை. பீர்க்கங்காய், புடலங்காய், பாகற்காய், கோவைக்காய், அவரை, வெண்டை, முருங்கை... அதாவது நம்ம வீட்டுல வாரம் முழுக்க வாங்குற காய் எல்லாம் அவுட். எந்தக் காயா இருந்தாலும் நடுவுல ஒரு குச்சி, கடைசியில ஒரு வில்லை மிச்சமாகும். அது சாம்பாருக்கு.

அஞ்சு நிமிஷம் நான் சுத்துறேன். பிளேடு இடுக்குல மாட்டினதை பிரஷ் வச்சுத் தேய்ச்சுக் கழுவப் பத்து நிமிஷம். அதை யார் செஞ்சாங்கன்னு நான் சொல்ல விரும்பலை.

இதெல்லாம் கூட பொறுத்துக்கலாம். என்னை மாத்தினது மூணாம் நாள் மதியம். சுரைக்காய்ச் சுருளை லேசா வதக்கி, தட்டுல வச்சு, மேல சாம்பாரை ஊத்தி, கையை வச்சேன். பிசைய முடியலை! சோறு சாம்பாரைக் குடிக்கும். சுருள் தன் பங்குக்குத் தண்ணி விடுது. எடுத்தா பாதி வாயில, பாதி மணிக்கட்டு வரைக்கும் தொங்குது. பாஸ்தா சாப்பிடுறவங்க முள்கரண்டியில சுத்தி எடுக்கிறாங்க, அவங்களுக்கு இந்த வடிவம் சரி. குழம்பு ஊத்திப் பிசைஞ்சு சாப்பிடுறவனுக்குக் காய் பொடியா இருந்தாத்தான் சோத்தோட சேரும்.

எதிர் வீட்டு காக்கு (மராட்டியில சித்தி மாதிரி) இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிச்சாங்க. அவங்க வீட்டுல தினம் கோசிம்பீர் உண்டு. வெள்ளரிக்காயை விளியில, அதாங்க நம்ம அரிவாள்மனையில, பொடிப்பொடியா அரிஞ்சு, வறுத்த நிலக்கடலையை இடிச்சுப் போட்டு, எலுமிச்சை பிழிஞ்சு, கடுகு, சீரகம், பச்சைமிளகாய் தாளிச்சுக் கொட்டுறது. முள்ளங்கின்னா துருவி, தயிர் சேர்ப்பாங்க. சோத்துக்கு நடுவுல அது பாட்டுக்குக் கலந்து உள்ள போகுது. மறு ஞாயித்துக்கிழமை துளசி பாக் போய் 80 ரூபாய்க்கு ஒரு ஸ்டீல் கிஸ்ணி, அதாவது துருவி, வாங்கிட்டு வந்தேன். மாடி வீட்டுக்காரர் மிஷின் அவர் வீட்டுப் பரணுக்கே போயிடுச்சு.

அப்ப யாருமே வாங்கக் கூடாதான்னா, அப்படி இல்லை. வாரத்துல ரெண்டு மூணு நாள் பாஸ்தா, நூடுல்ஸ் சாப்பிடுற வீடு, காயைப் பார்த்தாலே ஓடுற பிள்ளைங்க சுருளைப் பார்த்து நின்னா அந்த வீடு, இவங்களுக்குக் காசு வீணாகாது. மத்தவங்க ரெண்டு வாரம் கத்தியாலயே நீளமா அரிஞ்சு சாப்பிட்டுப் பாருங்க. மூணாவது வாரமும் ஆசை இருந்தா வாங்குங்க. அந்தக் காயைக் கத்தியில வெட்டி நாம சாப்பிட மாட்டோம்னா, மிஷின்ல வெட்டினாலும் பத்தே நாள்தான்.

எனக்குத் தேவைப்பட்டது மிஷினே இல்லைன்னு இப்பப் புரியுது. தட்டுல ரெண்டு கரண்டி சோறு, நாலு கரண்டி பொரியல்னு மாத்த எந்த பிளேடும் வேண்டாம். அதைச் செய்யப் பயந்துதான் 1,500 ரூபாய்க்கு ஒரு சாக்கு தேடியிருக்கேன்.

இப்ப காய் அரியறது, துருவுறது, கழுவுறது மூணுமே என் வேலை. மூணு மாசம் கழிச்சு அடுத்த டெஸ்ட். அப்பாகிட்ட போன்ல சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "முள்ளங்கி நல்லதுதாம்யா"ன்னார்.