கை இங்கே, காயம் அங்கே

2001 செப்டம்பர் 7 அன்று நியூயார்க்கில் உட்கார்ந்தபடி ஷாக் மரெஸ்கோ என்ற பிரெஞ்சு அறுவை மருத்துவர் இரண்டு கைப்பிடிகளை அசைத்தார். அட்லாண்டிக்குக்கு அப்பால், ஸ்ட்ராஸ்பூர்க்கில் படுத்திருந்த 68 வயதுப் பெண்மணியின் பித்தப்பையை ‘சூஸ்’ ரோபோவின் கரங்கள் பிரித்தெடுத்தன. 54 நிமிடம் ஆனது. சிக்கல் ஏதுமில்லை.

கை அசைவதற்கும் அதன் விளைவு திரையில் தெரிவதற்கும் இடையே சராசரியாக 155 மில்லி விநாடி, அதாவது விநாடியில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு, தாமதம் இருந்தது. மரெஸ்கோ பார்த்ததெல்லாம் சற்றுமுன் நடந்து முடிந்தவை. திசுவின் இறுக்கமும் விரலுக்குத் தெரியாது. கண்ணை நம்பித்தான் வெட்ட வேண்டும்.

தாமதம் கூடினால் கண்ணையும் நம்ப முடியாது. 1993இல் கொலம்பியா விண்ணோடத்தில் பறந்த ‘ரோடெக்ஸ்’ என்ற ஜெர்மானிய ரோபோக் கரத்துக்குத் தரையிலிருந்து கட்டளை போய்ச் சேர்ந்து படம் திரும்பி வரப் பல விநாடிகள் பிடித்தன. மிதந்து திரியும் ஒரு பொருளை அது பிடித்தாக வேண்டும். படம் வந்து சேரும்போது பொருள் நகர்ந்திருக்கும். அதனால், அடுத்த சில விநாடிகளில் அது எங்கே இருக்கும் என்று தரையிலிருந்த கணினி முன்கூட்டியே கணித்தது. கரம் அந்தக் கணிப்பை நம்பி நீண்டது, பிடித்தும் விட்டது. நிஜப் பொருள் கைக்கு வர நிழல் பொருள்தான் வழிகாட்டியது. தொலைவிலிருந்து ரோபோக்களை இயக்கும் துறையில் என்னை மிகவும் வியக்க வைத்த நிகழ்வு இதுதான்.

நிஜமும் நிழலும் இப்படிக் கலப்பதை வகைப்படுத்த, 1994இல் பால் மில்கிராம், ஃபுமியோ கிஷினோ என்ற ஆய்வாளர்கள் இருவரும் ஒரு கோட்டை வரைந்து காட்டினார்கள். ஒரு முனையில் முழு நிஜம், மறுமுனையில் முழு மெய்நிகர், இடைப்பட்டதெல்லாம் கலப்பு. பயனுள்ள கோடுதான். ஆனால் அது கண்ணுக்குத் தெரிவதை மட்டும் அளக்கிறது. இன்றைய அறுவை ரோபோக்கள் பலவற்றில், மருத்துவர் பயிற்சி எடுப்பதும் நோயாளியை அறுப்பதும் ஒரே இருக்கையிலிருந்து, ஒரே கைப்பிடியால். பயிற்சியில் ரத்தநாளம் கிழிந்தால் மறுபடி தொடங்கலாம். நோயாளியிடம் மறுபடி தொடங்க முடியாது. எல்லைக்கோட்டை இங்கேதான் போட வேண்டும் என்பேன்: செய்ததைத் திரும்பப் பெற முடியுமா, முடியாதா?

அந்தக் கோட்டைத் திரை மறைக்கக் கூடாது. கேமரா காட்டுவது எது, கணினி வரைந்தது எது, படம் எவ்வளவு பழையது என்பதெல்லாம் அறுப்பவருக்கு ஒரே பார்வையில் தெரிந்தாக வேண்டும். அழகுக்காகக் கேமராக் காட்சியையும் கணினி வரைந்ததையும் ஒன்றாக இழைத்துவிடுவது ஆபத்து.

ஸ்ட்ராஸ்பூர்க்கில் அன்று நோயாளியின் அருகிலேயே மருத்துவர்கள் தயாராக நின்றிருந்தார்கள். தொலைதூர அறுவைக்கு உங்கள் வீட்டில் யாராவது ஒப்புதல் கையெழுத்துப் போட நேர்ந்தால், இணைப்பு அறுந்தால் பக்கத்தில் நின்று கத்தியை எடுக்கப் போவது யார் என்று பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு பிறகு கையெழுத்திடுங்கள்.