ஸ்பானிஷ் கத்துக்கப்போற டாக்டர்களுக்கு

அமெரிக்காவுக்கு ரெசிடென்ஸி போற தம்பி, தங்கைகள் அடிக்கடி கேக்கறது: "ஸ்பானிஷ் கத்துக்க எந்த ஆப் நல்லது டாக்டர்?" எதுல வேணா ஆரம்பிங்க. ஆனா அதோட நிறுத்திடாதீங்க.👇

1980, ஃப்ளோரிடா. 18 வயது வில்லி ராமிரெஸை மயங்கிய நிலையில் கொண்டு வர்றாங்க. கியூபாக் குடும்பம். "இன்டாக்ஸிகாடோ"ன்னு சொல்றாங்க. அவங்க வழக்குல, சாப்பிட்டதோ குடிச்சதோ ஒத்துக்கலைன்னு அர்த்தம். டாக்டர்கள் காதுல ஆங்கில 'இன்டாக்ஸிகேட்டட்'னு விழுந்தது. போதை மருந்து ஓவர்டோஸ்னு முடிவு பண்ணிட்டாங்க.

உண்மையில் மூளைக்குள் ரத்தக்கசிவு. குடும்பத்தோட யூகமும் தப்புதான். ஆனா 'போதை' முத்திரை குத்தின பிறகு தலைக்குள்ள என்னன்னு பார்க்க ரொம்ப தாமதமாச்சு. கை கால் நாலும் செயலிழந்தது. வாழ்நாள் இழப்பீடு சுமார் 7.1 கோடி டாலர்.

ஒரே சொல், ஊருக்கு ஊர் வேற. ஸ்பெயின்காரர் "கான்ஸ்டிபாடோ"ன்னா ஜலதோஷம், மலமிளக்கி எழுதிடாதீங்க. சிலியில் "குவாகுவா" கைக்குழந்தை, கியூபாவில் பஸ்! போர்ட்டோ ரிக்கோ அம்மா குழந்தைக்கு "ஃபத்திகா"ன்னா வெறும் களைப்புன்னு எழுதாதீங்க. இளைப்பா இருக்கலாம், ஸ்டெதஸ்கோப்பை எடுங்க.

எனக்கு முக்கியமா படறது மெக்சிகோவின் "எம்பாச்சோ". ஆப்ல தேடினா 'அஜீரணம்'னு வரும். அவ்வளவுதானா? சாப்பாடு வயித்துல ஒட்டிக்கிச்சுங்கற நம்பிக்கை அது, நம்மூர் தொக்கம் மாதிரி. தொக்கம் எடுக்கப் போறதுக்கு எந்த அம்மாவும் நம்மகிட்ட பர்மிஷன் கேக்கறதில்லையே? அங்கேயும் அப்படித்தான். அதுக்குக் கொடுக்கற "கிரேத்தா", "அசார்கோன்" பொடிகள் ரெண்டுமே ஈய ஆக்சைடு. குழந்தைகளுக்கு ஈய விஷம் ஏறியிருக்கு. 'அஜீரணம்'னு எழுதிட்டு நகர்ந்தா, பொடி பத்திக் கேக்கவே தோணாது. கேக்கும்போது சிரிச்சாலும் போச்சு, அடுத்த தடவை சொல்ல மாட்டாங்க.

அதனால இலக்கணத்தை விட, உங்க ஆஸ்பத்திரிக்கு எந்த ஊர்க்காரங்க அதிகம் வர்றாங்கன்னு பார்த்து அவங்க பேச்சைக் கத்துக்கோங்க. "நீங்க எந்த ஊர்?"னு கேக்கலாம். ஆனா குடியுரிமை விசாரணையோன்னு பயப்படுவாங்க, ஏன் கேக்கறோம்னு முதல்ல சொல்லிடுங்க.

ஆபரேஷன் கன்சென்ட் மட்டும் அரைகுறை ஸ்பானிஷில் வாங்கவே வாங்காதீங்க. பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடுங்க, நடுராத்திரி ஆனாலும். கூட வந்த பத்து வயசுப் பையன் மொழிபெயர்ப்பாளர் இல்ல.