வந்த பிள்ளைக்கும் பங்கு உண்டு!

சென்னை மாநகரம் வந்தவர்களால் வளர்ந்த ஊர். இன்றும் அப்படித்தான் வளர்கிறது.

மயிலாப்பூரில் பூமிக்கு அடியில் மெட்ரோ ரெயிலுக்காகச் சுரங்கம் தோண்டினார்கள். தியாகராய நகரில் பனகல் பூங்கா அருகிலும் அதே வேலை நடந்தது. அடையாறில் பழைய வீடுகள் இடிபட்டு, அடுக்கு மாடிகள் எழும்புகின்றன. கல் சுமப்பவர்கள் யார்? கம்பி கட்டுகிறவர்கள் யார்? ஓட்டலில் தட்டு எடுப்பவர்கள் யார்?

பலர் பீகார், ஒடிசா, ஜார்கண்டு, மேற்கு வங்காளம், அசாம் ஆகிய மாநிலங்களில் இருந்து வந்தவர்கள். தமிழ்நாட்டின் பிற மாவட்டங்களில் இருந்து வந்தவர்களும் உண்டு.

அவர்களில் பெரும்பாலோர் தனியாக வருகிறார்கள். சிலர் மனைவி மக்களோடு வருகிறார்கள். தகரக் கொட்டகையில் குடும்பம் நடக்கிறது. தாய் செங்கல் சுமக்கப் போகிறாள். குழந்தை மணல் குவியலில் விளையாடுகிறது.

அந்தக் குழந்தை காலையில் என்ன சாப்பிட்டது? தடுப்பு ஊசி போட்டார்களா? யாருக்கும் தெரியாது. கேட்டால், “அவர்கள் வெளியூர்க்காரர்கள். அவர்களுக்கு இங்கே எதுவும் கிடைக்காது” என்று சொல்லி விடுகிறார்கள்.

இது தவறு. சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

சட்டம் சொல்வது என்ன?

2013-ம் ஆண்டு தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 6 மாதம் முதல் 6 வயது வரை உள்ள குழந்தைக்கு, உள்ளூர் அங்கன்வாடியில் வயதுக்கு ஏற்ற உணவு இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் கூறுகிறது. கர்ப்பிணிக்கும், குழந்தை பெற்ற பிறகு 6 மாதம் வரை தாய்க்கும் இலவச உணவு உண்டு.

“உள்ளூர்” என்றால் எது? குழந்தை இப்போது இருக்கும் ஊர்தான். தகப்பன் பிறந்த ஊர் அல்ல.

ஊரார் பால்வாடி என்று சொல்வதைத்தான் சர்க்கார் அங்கன்வாடி என்று சொல்கிறது. இந்தத் திட்டம் 1975-ம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி, காந்தி பிறந்த நாளில், நாட்டில் 33 இடங்களில் தொடங்கியது. இன்று நாடு முழுவதும் இருக்கிறது.

அங்கே சோறு மட்டும் போடுவதில்லை. கைக்குழந்தைக்குச் சத்துமாவு கொடுக்கிறார்கள். சற்றுப் பெரிய குழந்தைக்கு மதியம் சுடச்சுடச் சாப்பாடும் முட்டையும் கிடைக்கும். எடை பார்க்கிறார்கள். எடை குறைந்திருந்தால் ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். பாட்டும் கதையும் சொல்லிக் கொடுத்து, பள்ளிக்கூடத்துக்குத் தயார் செய்கிறார்கள்.

கார்டு இல்லையே!

வந்த குடும்பத்துக்கு முதல் பயம் இதுதான். “இந்த ஊர் விலாசத்தில் ஒரு காகிதம்கூட இல்லையே, எப்படிக் கேட்பது?”

கேட்கலாம். அங்கன்வாடியில் பெயர் பதிய, குழந்தைக்கு ஆதார் அட்டை கட்டாயம் இல்லை. தாயின் ஆதார் போதும் என்று மத்திய சர்க்கார் 2022-ம் ஆண்டில் விளக்கம் சொன்னது. அந்த ஆதாரில் பீகார் விலாசம் இருந்தாலும் பரவாயில்லை.

சுப்ரீம் கோர்ட்டும் இதைப் பற்றிச் சொல்லி இருக்கிறது. 2018-ம் ஆண்டு செப்டம்பர் 26-ந் தேதி ஆதார் வழக்கில் தீர்ப்பு வந்தது. ஆதார் எண் காட்ட முடியவில்லை என்பதற்காக எந்தக் குழந்தைக்கும் உதவியை மறுக்கக் கூடாது. வேறு ஆவணத்தைப் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்பது தீர்ப்பு.

சொந்த ஊர் அங்கன்வாடியில் முன்பே பெயர் பதிந்திருக்கலாம். அதனால் கவலை இல்லை. ‘போஷன் டிராக்கர்’ என்ற செல்போன் பதிவேட்டில் பெயரை ஓர் ஊரில் இருந்து இன்னோர் ஊருக்கு மாற்றலாம். மாநிலம் விட்டு மாநிலமும் மாற்றலாம். புதிய ஊரில் உள்ள அங்கன்வாடி டீச்சரிடம் சொன்னால் போதும்.

ஒரு சங்கடம் உண்டு. வீட்டுக்கு எடுத்துப் போகும் சத்துணவைக் கொடுப்பதற்கு முகத்தைப் படம் பிடித்துச் சரிபார்க்கும் முறை 2025-ம் ஆண்டு ஜூலையில் வந்தது. ஆதாரோடு சேர்த்த செல்போன் நம்பர் பழையதாக இருந்தால் பதிவு தடைப்படும். ஆகவே ஊரை விட்டுக் கிளம்பும்போது அந்த நம்பரைத் தொலைத்து விடக் கூடாது. அப்படித் தொலைந்திருந்தால், புதிய நம்பரை ஆதார் மையத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பெட்டியில் இருக்க வேண்டிய காகிதங்கள்

ஊர் விட்டு ஊர் வரும் தாய் நாலு காகிதங்களைப் பத்திரமாகக் கொண்டு வர வேண்டும்.

முதலாவது, தாய் சேய் நல அட்டை. எந்த ஊசி போட்டாயிற்று, எது பாக்கி என்பது அதில் இருக்கும். நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதைக் காட்டினால், மீதி ஊசியை இலவசமாகப் போடுவார்கள். அட்டை தொலைந்தாலும் போக வேண்டும். ஊசி போடாமல் இருந்துவிடக் கூடாது.

இரண்டாவது, பிறப்புச் சான்றிதழ். குழந்தை பிறந்த 21 நாளுக்குள் பிறப்பைப் பதிவு செய்ய வேண்டும். சென்னையில் பிறந்தால் சென்னை மாநகராட்சியில் பதிவு ஆகும். பெற்றோர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும், பிறந்த இடத்தில்தான் பதிவு. 2023-ம் ஆண்டு அக்டோபர் 1-ந் தேதி முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளியில் சேரவும், வேறு பல காரியங்களுக்கும் இந்தச் சான்றிதழ்தான் அத்தாட்சி.

மூன்றாவது, ரேஷன் கார்டு. ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ திட்டம் தமிழ்நாட்டில் 2020-ம் ஆண்டு அக்டோபர் 1-ந் தேதி வந்தது. வேறு மாநிலத்து உணவுப் பாதுகாப்புச் சட்டக் கார்டு உள்ளவர்கள், கை ரேகை வைத்துச் சென்னை ரேஷன் கடையிலேயே தங்கள் பங்குத் தானியத்தை வாங்கலாம். புதுக் கார்டு கேட்டு அலைய வேண்டியது இல்லை.

நாலாவது, தாயின் ஆதார் அட்டை. அதோடு அவள் பெயரில் வங்கிக் கணக்குப் புத்தகமும் இருந்தால் நல்லது. மகப்பேறு உதவிப் பணம் அந்தக் கணக்குக்குத்தான் வரும்.

பள்ளிக்கூடம் போகும் வயதுப் பிள்ளையாக இருந்தால், மாநகராட்சிப் பள்ளியில் சேர்க்கலாம். வயதுக்குச் சான்று இல்லை என்று சேர்க்க மறுக்கக் கூடாது. 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் இப்படிச் சொல்கிறது. சேர்ந்து விட்டால் மதிய உணவு உண்டு. புத்தகம் உண்டு. சீருடை உண்டு. 2022-ம் ஆண்டில் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் எல்லாருக்கும்தான். இவற்றுக்குச் சொந்த ஊர் எது என்ற கேள்வி இல்லை.

பத்து வருஷ நிபந்தனை எதற்கு?

எல்லா உதவியும் வந்த அன்றே கிடைத்துவிடாது. இதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

பெண் குழந்தை பாதுகாப்புத் திட்டம் என்று ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டில் 1992-ம் ஆண்டு தொடங்கியது. ஒரே பெண் குழந்தை என்றால் 50,000 ரூபாய் அந்தக் குழந்தையின் பெயரில் முதலீடு செய்கிறார்கள். இரண்டு பெண்கள் என்றால் ஆளுக்கு 25,000 ரூபாய். இதற்குப் பெற்றோரோ, தாத்தா பாட்டியோ தமிழ்நாட்டில் 10 வருஷம் குடி இருந்திருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தார்கள். வருமானம், குடும்பக் கட்டுப்பாடு பற்றியும் நிபந்தனை உண்டு.

இது வைப்புப் பணம். குழந்தை வளர்ந்து பெரியவள் ஆன பிறகு கைக்கு வருவது. இதற்கு நிபந்தனை வைப்பதில் நியாயம் இருக்கலாம்.

ஆனால் சத்துமாவுக்குப் பத்து வருஷம் காத்திருக்க முடியுமா? இரண்டு வயதில் கிடைக்காத முட்டையைப் பன்னிரண்டு வயதில் கொடுத்தால் ஈடு ஆகுமா? கருவில் இருந்து இரண்டு வயது வரை உள்ள ஆயிரம் நாட்களில்தான் மூளையும் உடலும் வேகமாக வளரும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். அந்த நாட்கள் போனால் போனதுதான்.

ஆகவே ஒரு திட்டத்தின் நிபந்தனையைக் கேட்டுவிட்டு, “எல்லாமே அப்படித்தான்” என்று திரும்பி விடக் கூடாது. ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

இந்த ஊரின் பழைய வழக்கம்

தியாகராய நகருக்குப் பெயர் கொடுத்தவர் சர் பிட்டி தியாகராயர். அவர் சென்னை மாநகராட்சி மன்றத்தின் தலைவராக இருந்த 1920-ம் ஆண்டில், ஆயிரம் விளக்கில் இருந்த மாநகராட்சிப் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுக்க ஏற்பாடு ஆயிற்று. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் செலவு ஆகக் கூடாது என்று திட்டம். பசித்த பிள்ளை படிக்காது என்பதை அன்றே கண்டுகொண்டார்கள்.

அடையாறுக்குப் புகழ் சேர்த்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அவர் சென்னையில் பிறந்தவர் அல்ல. புதுக்கோட்டையில் பிறந்தவர். அப்போது புதுக்கோட்டை தனி சமஸ்தானம். 1907-ம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர வந்தார். 1912-ம் ஆண்டில் டாக்டர் ஆனார். 1930-ம் ஆண்டில், போக்கிடம் இல்லாத பெண் பிள்ளைகளுக்காக அவ்வை இல்லத்தைத் தொடங்கினார். அந்த இல்லம் அடையாறில் இருக்கிறது.

அவர் பெயரில்தான் தமிழ்நாட்டில் ஏழைத் தாய்மார்களுக்கு மகப்பேறு உதவித் திட்டம் வந்தது. 2018-ம் ஆண்டில் இந்த உதவி 18,000 ரூபாய் ஆக்கப்பட்டது. 14,000 ரூபாய் பணம். 4,000 ரூபாய்க்கு ஊட்டச் சத்துப் பெட்டிகள். கருவுற்ற 12 வாரத்துக்குள் பதிவு செய்வது இதற்கு முக்கியம். எனவே கர்ப்பம் என்று தெரிந்ததும் சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். வெளியூரில் இருந்து வந்த தாய், தனக்கு என்ன உதவி உண்டு என்று அங்கேயே நர்சிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கனடாவில் என்ன நடக்கிறது?

மயிலாப்பூரிலும் அடையாறிலும் பல வீடுகளில் பிள்ளைகள் அயல்நாட்டில் இருக்கிறார்கள். கனடாவுக்கு நிரந்தரமாக வாழ அனுமதி பெற்றுப் போகும் குடும்பம், போய் இறங்கியதுமே அந்த நாட்டுக் குழந்தை நலப் பணத்துக்கு மனுப் போடலாம். 2016-ம் ஆண்டு ஜூலையில் வந்த திட்டம் அது. வருமானத்தைப் பொறுத்து மாதா மாதம் பணம் வரும். தாய் இருக்கும் வீட்டில் பெரும்பாலும் அவள்தான் மனுப் போட வேண்டும். தற்காலிக அனுமதியில் போனவர்கள் மட்டும் 18 மாதம் காத்திருக்க வேண்டும்.

டொராண்டோவில் பேரக் குழந்தைக்குப் பணம் கிடைத்தால் இங்கே தாத்தா பாட்டி மகிழ்கிறார்கள். “அந்த அரசாங்கம் எவ்வளவு நல்ல அரசாங்கம்!” என்கிறார்கள். அடுத்த மனையில் வீடு கட்ட வந்த ஒடிசாக்காரரின் குழந்தையும் ஒரு வீட்டுப் பேரக் குழந்தைதான். அதுவோ வேறு நாட்டுக்கு வரவில்லை. தன் சொந்த நாட்டுக்குள்ளேயே இருக்கிறது!

குறைந்து விடுமா?

“வந்தவர்களுக்கு எல்லாம் கொடுத்தால், இங்கே இருக்கும் பிள்ளைகளுக்குக் குறையாதா?” என்று சிலர் கேட்பார்கள்.

பதிவேட்டில் எத்தனை பேர் இருக்கிறார்களோ, அதைப் பார்த்துத்தான் அங்கன்வாடிக்குப் பொருள் ஒதுக்கப்படுகிறது. பெயரைப் பதிந்தால் பொருள் கூடும். பதியாமல் விட்டால்தான் குறையும். குடிசைப் பகுதியில் 6 வயதுக்கு உட்பட்ட 40 குழந்தைகள் இருந்து, அங்கன்வாடி இல்லை என்றால், கேட்ட மூன்று மாதத்துக்குள் திறக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு 2006-ம் ஆண்டு டிசம்பரில் உத்தரவு போட்டது.

இன்னொன்றும் உண்டு. தட்டம்மை கார்டு பார்த்து வருவதில்லை. கொட்டகைக் குழந்தைக்கு ஊசி போடாவிட்டால், மாடி வீட்டுக் குழந்தைக்கும் ஆபத்துதான்.

தமிழர்களும் பிழைப்புத் தேடிப் போனவர்களே. இலங்கைத் தேயிலைத் தோட்டம், மலேயா ரப்பர் தோட்டம், பர்மா, பம்பாய்த் தாராவி என்று தமிழன் போகாத இடம் இல்லை. போன இடத்தில் பிள்ளைக்கு ஒரு வேளைப் பாலும் ஒரு பள்ளிக்கூடமும் கிடைக்காதா என்று ஏங்கிய தாய்மார்கள் எத்தனை பேர்!

செய்ய வேண்டியது என்ன?

வழி தெரியாமல் நிற்பவருக்கு வழி காட்டுவது பெரிய செலவு இல்லை. மேஸ்திரி சொல்லலாம். வாட்ச்மேன் சொல்லலாம். வீடு கட்டும் சொந்தக்காரர் சொல்லலாம். அந்தத் தாயை ஒரு தடவை அங்கன்வாடிக்கு அழைத்துப் போனால், மறு தடவை அவளே போவாள்.

சர்க்காரும் செய்ய வேண்டியது இருக்கிறது. கட்டிட வேலை நடக்கும் இடங்களுக்கு அங்கன்வாடி ஊழியர்கள் போய்க் குழந்தைகளைக் கணக்கு எடுக்க வேண்டும். தாய் வேலைக்குப் போகும் நேரத்துக்கு ஏற்பக் கதவு திறக்க வேண்டும். இந்தி, வங்காளம், ஒடியா, தெலுங்கு மொழிகளில் வாசலில் ஒரு பலகை வைக்க வேண்டும். செல்போன் பதிவில் தடை வந்தால், அதற்காகச் சத்துமாவை நிறுத்தக் கூடாது.

வேலைக்கு வந்தவனிடம் யாரும் ஊர் கேட்பதில்லை. கை வேலையைத்தான் பார்க்கிறார்கள். அவன் பிள்ளைக்குச் சோறு போடும்போது மட்டும் ஊர் கேட்பது அழகு அல்ல.